மூணுகை மேஸ்திரியின் மழைக்கால உல்லாசப் பயணம்

மழைக்காலத்தில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, புத்தி கெட்டவர்கள். இன்னொன்று, பெயின்ட் அடிக்கிறவர்கள். மூணுகை மேஸ்திரி இரண்டாவது வகை. முதல் வகையிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு என்று அவர் மனைவி சொல்வாள். அது குடும்ப விவகாரம், நாம் தலையிட வேண்டாம்.

காரணம் எளிது. மழை பிடித்துக்கொண்டால் சுவர் காயாது. சுவர் காயாவிட்டால், அதைச் சமன்படுத்தப் பூசும் பட்டி பிடிக்காது. பட்டி பிடிக்காவிட்டால் பெயின்டருக்கு வீட்டில்தான் வேலை, அதாவது மனைவி சொல்லும் வேலை. வெயில் காலம் முழுக்கச் சாரத்தில் தொங்கிய மனிதர் அதற்குப் பயந்து வருடா வருடம் மழையில் குடும்பத்தைக் கிளப்பிவிடுவார். ஊரெல்லாம் குடையைத் தேடும்போது அவர் வீட்டில் மட்டும் பெட்டியைத் தேடுவார்கள். அந்தக் குடும்பம் பார்த்த கடலெல்லாம் சாம்பல் நிறக் கடல். பார்த்த மலையெல்லாம் மேகம். ஆல்பத்தில் எல்லாரும் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு நிற்பார்கள். உயரத்தை வைத்துத்தான் இது அம்மா, இது மகள் என்று அடையாளம் சொல்ல வேண்டும்.

மூணுகை என்ற பெயர் தொழிலில் வந்தது. பெயின்ட் வேலையில் ஒரு பூச்சுக்கு ஒரு கை என்று பேர். ஊரில் எல்லாரும் ரெண்டு கையோடு முடித்துக்கொள்வார்கள். இவர் மூணாவது கை அடிக்காமல் ஏணியை விட்டு இறங்கமாட்டார். "போதும் மேஸ்திரி, நாங்க குடி வரணும்" என்று வீட்டுக்காரர்கள் கீழே நின்று கெஞ்சிய கதைகள் உண்டு. இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்தச் சுவரைக் கண்டாலும் புறங்கையை வைத்து ஈரம் பார்ப்பார். மகளுக்குப் பேசிய வீட்டுக்குப் போனபோதுகூட, மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் ஹால் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "கீழேருந்து ஈரம் ஏறுது" என்று சம்பந்தியிடம் சொன்னார். சம்பந்தி இன்றுவரை அதை மறக்கவில்லை. ஈரமும் இன்றுவரை இறங்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் போன கோடையில் ஒரு காரியம் செய்தார். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

மலையடிவாரத்தில், ஆற்றை ஒட்டி ஒரு லாட்ஜ். ரோட்டு மட்டத்தில் வரவேற்பறை, அதற்கு மேலே ஒரு மாடி. ரோட்டிலிருந்து படியில்லாத சரிவுப் பாதையில் இறங்கினால் ஆற்றுப் பக்கமாகக் கீழ் ரூம்கள். அந்தக் கோடைக்கு முந்தைய மழையில் மேலே இருக்கும் அணையைத் திறந்துவிட்டார்கள். பாத்ரூம் வேலைக்காக லாட்ஜை மூடிவைத்திருந்த நேரம், அதனால் உள்ளே வாட்ச்மேன் மட்டும்தான். கீழ் ரூம்களுக்குள் ஆறு வந்து தங்கிவிட்டுப் போனது. வாட்ச்மேன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்து, வடிந்ததும் இறங்கி, செருப்பைக்கூடத் தேடாமல் தன் ஊருக்குப் போய்விட்டார்.

ஆறு போனது. ஆனால் வந்ததற்கு அடையாளமாகக் கீழ் ரூம் சுவர்களில் சுற்றிலும் ஒரு பழுப்புக் கோட்டை விட்டுப் போயிருந்தது. மூணுகை கையை முழுக்கத் தூக்கினால் மணிக்கட்டு வரும் உயரம். நூல் பிடித்தாற்போல நேரான கோடு. தண்ணீர் பிடித்த மட்டத்தில் எந்த மேஸ்திரியாலும் குறை கண்டுபிடிக்க முடியாது.

லாட்ஜ் முதலாளி ஆள் மாற்றி ஆள் வைத்து அடித்துப் பார்த்தார். அடித்துக் காய்ந்து சில நாளில் கோடு கூப்பிடாத விருந்தாளி மாதிரி மறுபடி வந்து நின்றது. கடைசியில் மூணுகையைக் கூப்பிட்டார்கள். அவர் சுவரைச் சுரண்டினார், கழுவினார், பெரிய விளக்குகளை வைத்துக் காயவைத்தார். கறையை அடைக்கும் ப்ரைமர் போட்டார், பட்டி பார்த்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அதற்கு மேல் அவருடைய புகழ்பெற்ற மூன்று கை. கோடை முடியும்வரை கோடு வரவில்லை. இனி வராது.

முதலாளி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மேஸ்திரி, நீங்க ஆத்தையே அழிச்சிட்டீங்க."

மூணுகை அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். "இங்க என்ன இருந்துச்சுங்கறது நமக்குள்ள இருக்கட்டும்" என்று முதலாளி சேர்த்துச் சொன்னதையும் ஒத்துக்கொண்டார். நோயாளியின் வியாதியை வெளியே சொல்லக் கூடாது என்பது வைத்தியருக்கும் பெயின்டருக்கும் பொதுவான தர்மம். யோசித்துப் பார்த்தால் அந்தத் தொழிலே மறைப்பதுதானே? விரிசல், பாசி, முந்தின வாடகைக்காரரின் பிள்ளை கிறுக்கியது, ஆணி ஓட்டை. அந்த வரிசையில் ஓர் ஆறு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இத்தோடு விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. மனிதர் வீட்டுக்கு வந்து பெருமையடித்தார். "சுவரா அது? கண்ணாடி. நின்னு தலை சீவலாம்." சாப்பிடும்போது அந்தச் சுவர், தூங்கப் போகும்போது அந்தச் சுவர். அடியில் என்ன இருந்தது என்பதை மட்டும் தர்மப்படி சொல்லவில்லை.

கேட்டுக் கேட்டு அந்தச் சுவரின் மேல் குடும்பத்துக்கே பாசம் வந்துவிட்டது.

மழை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள், மாப்பிள்ளை, பேத்தி மூவரும் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு கூரியர் ஆபீசில் வேலை. பார்சல்களை அனுப்பி அனுப்பி, மனிதர்களையும் அனுப்பிவைப்பதில் அவருக்குத் தனி ஆர்வம் வந்திருந்தது.

"மாமா, கண்ணை மூடுங்க."

"எதுக்கு மாப்ள?"

"மூடுங்கப்பா" என்றாள் மகள்.

திறந்தபோது போனில் அவருடைய சுவர். அதற்கு முன்னால் கட்டில், கட்டிலில் வெள்ளை விரிப்பு.

"அதே லாட்ஜ்! இந்த வருஷ டூர் அங்கதான். புக் பண்ணியாச்சு" என்றார் மாப்பிள்ளை.

"எத்தன பில்டிங் அடிச்சிருக்கீங்க, ஒண்ணுலயாவது படுத்துத் தூங்கியிருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள் மகள்.

"தூங்கியிருக்கேனே. சிமெண்ட் மூட்டை மேல."

"இந்தத் தடவை மெத்தை மேல. அத்தைக்கு முட்டி வலின்னு கீழ் ரூமாவே கேட்டு வாங்கிட்டேன் மாமா. ஆத்துப் பக்கம். ஜன்னலைத் திறந்தா தண்ணி!"

ஜன்னலைத் திறக்காவிட்டாலும் தண்ணிதான் என்று மூணுகைக்கு வாய்வரை வந்தது. சிரித்துவைத்தார். எல்லாரும் அதை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். பேத்தி அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, "தாத்தா சுவர், தாத்தா சுவர்" என்று போனைத் தட்டினாள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. அந்தக் கீழ் ரூமில் இந்தப் பிள்ளை படுத்துத் தூங்கக் கூடாது. காரணத்தைச் சொன்னால் தன் வண்டவாளம் தெரிந்துவிடும். காரணம் சொல்லாமல் காரியத்தைக் கெடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க மறைத்தே பழகிய மனிதர் இதையும் ஒரு பூச்சில் சரிக்கட்டிவிடலாம் என்று நம்பினார்.

முதல் பூச்சு: "மேல் ரூம் கேளுங்களேன் மாப்ள. காத்து நல்லா வரும்."

"என் முட்டி மேல உங்களுக்குத் திடீர்னு என்ன விரோதம்?" என்றாள் மனைவி.

இரண்டாவது பூச்சு நெஞ்சு வலி. மகள் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்ததால் அன்றே டாக்டரிடம் இழுத்துப்போய்விட்டாள். டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு, "நெஞ்சுல ஒண்ணுமில்ல. மனசு ரொம்ப எதையோ சுமக்குது. ரெண்டு நாள் ஆத்தங்கரை, மலைன்னு எங்கயாவது போயிட்டு வாங்களேன்" என்றார். மகளுக்கு அந்த டாக்டர் மேல் மதிப்பு இரட்டிப்பானது.

மூணாவது பூச்சு: "அந்த லாட்ஜுல மூட்டைப்பூச்சி ஜாஸ்தி."

மாப்பிள்ளை போனை எடுத்தார். தங்கிப் போனவர்கள் எழுதியதையெல்லாம் உரக்கப் படித்தார். மூட்டைப்பூச்சி இல்லை. வெந்நீர் உண்டு. டீ சுமார். "மாமா, இதைக் கேளுங்க. ஒருத்தர் சுவரைப் பத்தியே தனியா எழுதியிருக்கார். 'சுவர்கள் பளபளப்பாகவும் நம்பிக்கை தரும் விதத்திலும் உள்ளன.' உங்களைத்தான்!"

பெருமையும் பயமும் சேர்ந்து வந்த முதல் அனுபவம் மூணுகைக்கு அதுதான்.

மழை விடவில்லை. ராத்திரி கொட்டும், பகலில் மூச்சு வாங்கும், மறுபடி கொட்டும். தெருவில் சாக்கடை எது, ரோடு எது என்று நடந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர் வீட்டுச் சுவரிலேயே, சமையலறைப் பக்கம், உள்ளங்கை அளவு ஈரம் பூத்தது. அடுத்த நாள் பார்த்தால் தட்டு அளவு. டிவியில் அணையைக் காட்டினார்கள். மதகின் விளிம்புவரை தண்ணீர், அதன் முன்னால் குடை பிடித்தபடி செல்ஃபி எடுக்கும் கூட்டம்.

"மாமா! அணையைத் திறந்தா லாட்ஜ் ஜன்னல்லேருந்தே பாக்கலாமாம்!" என்று மாப்பிள்ளை போனில் கூவினார். "நம்ம நேரத்தைப் பாருங்க!"

மூணுகை நம்ம நேரத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லாரும் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்கள். பேத்தி ஒரு ரப்பர் வளையத்தைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். நீச்சல் வளையம், வாத்துத் தலை வைத்தது.

"காத்து ஊதுங்க தாத்தா. ஆத்துல மிதக்கணும்."

வாயை வைத்து ஊத ஆரம்பித்தார். வாத்து கழுத்தை நிமிர்த்தியது. பாதி ஊதியதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு சின்ன நெஞ்சுக்குள் எவ்வளவு மூச்சு இருக்கும்? அதற்கு மேல் ஊத முடியவில்லை. வாத்து அவர் கையிலேயே மெல்லத் தலையைத் தொங்கப்போட்டது.

எழுந்து உள்ளே போனார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த லாட்ஜுல தண்ணி வந்திருக்கு."

"பைப் ஒடஞ்சுபோச்சா?"

"ஆறு."

மடித்த சேலை கையில் நின்றது. "எதுவரைக்கும்?"

மூணுகை கையைத் தூக்கி, இன்னொரு கையால் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கதவு வழியாக, ஹாலில் வாத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தாள். அந்தக் கையின் உயரத்துக்கும் அந்தப் பிள்ளையின் உயரத்துக்கும் நடுவே எவ்வளவு வெற்றுச் சுவர்.

"கையை இறக்குங்க" என்றாள். பிறகு, "அதைத்தான் மூணு கை அடிச்சு மறைச்சீங்களா?"

"வேலை."

"வேலைதான். நான் வேறென்ன சொன்னேன்?"

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிவந்து, "சொல்லுங்க" என்றாள்.

சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பூச்சு இல்லாமல் சொன்னார். அதனால்தானோ என்னவோ, யாரும் நம்பவில்லை. மாப்பிள்ளை போனைத் திறந்து சுவரைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"எங்க மாமா கறை?"

"அதான் தெரியாது. அடிச்சது நான்."

"தெரியலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?"

"மாப்ள, மத்தவன் அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

இக்கட்டான இந்த நேரத்திலும் அந்தக் குரலில் ஒரு சின்னக் கர்வம் எட்டிப்பார்த்ததை மனைவி கவனித்தாள்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நெஞ்சு வலின்னீங்க. மூட்டைப்பூச்சின்னீங்க. இப்ப வெள்ளமா? எங்களோட வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடுங்கப்பா. உங்களுக்காகத்தானே பண்ணோம்."

மூணுகை தன் வேலையின் நேர்த்தியைத் தன் வாயாலேயே எதிர்த்து வாதாட வேண்டிய நிலைக்கு வந்து சேர்ந்தார். வாதம் எடுபடவில்லை. சுவர் அவ்வளவு நன்றாக இருந்தது.

முடித்துவைத்தது மனைவிதான். நேராக வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "நான் வரல. என் முட்டியும் வரல. பிள்ளையும் வராது. வேணும்கறவங்க போய்க்கலாம்." அந்த வீட்டில் அதற்கு மேல் கோர்ட் கிடையாது.

மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு லாட்ஜுக்கு போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். மேனேஜர் புதிய பையன், பெயின்ட் அடித்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவன். உற்சாகமான ஆள்.

"கேன்சலா? ஒண்ணும் பிரச்சினையில்ல சார். கீழ் ரூம்தான் வேணும்னு ஒரு ஃபேமிலி காத்துக்கிட்டிருக்காங்க. கைக்குழந்தை வச்சிருக்காங்க, படி ஏற முடியாதாம். இப்பவே சொல்லிடறேன். பாவம், சந்தோஷப்படுவாங்க."

போன் வைக்கப்பட்டது. மாப்பிள்ளை அணைந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூணுகை மேனேஜரைத் தானே மறுபடி கூப்பிட்டார். எல்லாம் சொன்னார். மறுமுனை பொறுமையாகக் கேட்டது.

"அண்ணே, நான் அந்த ரூம்லதான் நிக்கறேன். சுவரைப் பாத்துக்கிட்டுத்தான் பேசறேன். ஒண்ணுமே இல்லையே."

"பெயின்ட்டுக்குக் கீழ இருக்கு தம்பி. உள்ள."

"உள்ள இருக்கறதை எப்படிண்ணே பாக்கறது?" என்று சிரித்தான். அடுத்து மூணுகை கூப்பிட்ட முதலாளி வெளிநாட்டில் இருந்தார். அவர் போன் மணி அடித்தது, எடுக்கவில்லை. பிறகு மணியும் அடிக்கவில்லை.

மறுநாள் காலை மூணுகை தொழில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"எங்க மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"டூர்."

ஆக, அந்த வருடம் குடும்பத்தில் உல்லாசப் பயணம் போனது அவர் ஒருவர்தான். பஸ்ஸில் பாதி சீட் காலி. மீதி சீட்டில் கூரை ஒழுகியது. மூணுகையின் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சுரண்டும் தகட்டைக் கண்டக்டர் பார்த்தார்.

"இந்த மழையில பெயின்ட் அடிக்கவா போறீங்க?"

"அடிக்க இல்ல. எடுக்க."

கண்டக்டர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே ஆறு ரோட்டோடு கூடவே வந்தது. முதலில் பள்ளத்தில் வந்தது. பிறகு கொஞ்சம் ஏறி வந்தது. லாட்ஜ் நிறுத்தம் வரும்போது, பஸ்ஸிலிருந்து குனியாமலே பார்க்கலாம் என்ற அளவுக்கு மரியாதையாக எழுந்து நின்றது. நிறம் பழுப்பு. மூணுகைக்கு அந்த நிறத்தைத் தெரியும். கடையில் எந்த டப்பாவிலும் கிடைக்காத நிறம்.

கீழ் ரூம் கதவைத் தட்டினார். ஓர் உயரமான இளைஞன் திறந்தான். கட்டிலில் அவன் மனைவி குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"பெயின்ட்டருங்க. சுவத்துல சின்ன வேலை."

"வாங்கண்ணே. நாங்களே இப்பத்தான் வந்தோம். யாரோ கேன்சல் பண்ணிட்டாங்களாம். அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும்."

மூணுகை கையைத் தூக்கி, மணிக்கட்டு வரும் இடத்தைச் சுவரில் பார்த்துவைத்துக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அந்த இடத்தில் தகட்டை வைத்துச் சுரண்டினார்.

வரவில்லை.

இன்னும் அழுத்தினார். ஒரு நகக்கண் அளவு உதிர்ந்தது. மூணாவது கை. அதற்கு அடியில் ரெண்டாவது கை, அதற்கு அடியில் முதல் கை, அதற்கும் அடியில் கல் மாதிரி இறுகிய பட்டி. தகடு வழுக்கி விரலைக் கிழித்தது. மழைக் குளிரிலும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "எவன்டா இவ்வளவு ஒழுங்கா அடிச்சது" என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தார். வாழ்நாளில் பெயின்ட் அடிப்பவர் ஒருவரை அவர் மனசாரத் திட்டியது அன்றைக்குத்தான்.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தான். "யோவ், யாருய்யா நீ? நல்ல சுவத்தைக் கெடுக்கறியே!"

"இதை நல்ல சுவரா ஆக்கினவன்."

"முதலாளிக்குத் தெரியுமா?"

"அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதான் தொல்லையே."

மேனேஜர் ஸ்டூலைப் பிடித்து ஆட்டினான். மூணுகை ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சுரண்டினார். பட்டி பொடியாகக் கட்டில் விரிப்பில் கொட்டியது. குழந்தை அதைப் பார்த்துக் கைகொட்டியது. தாய் அதன் முகத்தை மூடிக்கொண்டு, "என்னங்க, அந்த ஆளை இறங்கச் சொல்லுங்க" என்றாள். இளைஞன் முன்னால் வந்தவன், சுவரைப் பார்த்து நின்றான்.

ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சு போயிருந்தது. அதன் நடுவே பழுப்புக் கோடு. மேலே வெளுத்த சிமெண்ட், கீழே கறை ஊறிய சிமெண்ட். நூல் பிடித்தாற்போல நேராக.

"என்னண்ணே இது?"

"ஆறு. போன தடவை இதுவரைக்கும் வந்துச்சு."

மேனேஜர் ஸ்டூலிலிருந்து கையை எடுத்துவிட்டான். இளைஞன் சுவரை ஒட்டி வந்து நின்றான். உயரமான ஆள்தான். கோடு அவன் தலைக்கு மேலே நன்றாகத் தள்ளி இருந்தது. கையைத் தூக்கித் தொட்டுப் பார்த்தான். பிறகு திரும்பி, கட்டிலின் உயரத்தைப் பார்த்தான்.

அப்போதுதான் எல்லாருக்கும் ஆற்றின் சத்தம் தனியாகக் கேட்டது. அதுவரை அதை மழை என்று நினைத்திருந்தார்கள். தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தான் போடாமலே, சரிவில் ஏறிப் போய்விட்டாள். பின்னாலேயே இளைஞன் பெட்டியை மூடாமல் அப்படியே வாரி எடுத்துக்கொண்டு போனான்.

"அண்ணே" என்றான் மேனேஜர். குரலில் உற்சாகம் வடிந்திருந்தது. "இந்த வரிசையில மத்த ரூமெல்லாம்..."

"எல்லாத்துலயும் நான்தான் அடிச்சேன்."

"ஆள் இருக்காங்கண்ணே."

மூணுகை ஸ்டூலை விட்டு இறங்கினார். ரத்தம் கசிந்த விரலை வேட்டியில் துடைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டின் கடைசிப் படியைத் தேடினார். தெரியவில்லை. அதற்கு மேல் படியையும் கொஞ்சம் யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"ஸ்டூலைத் தூக்கு" என்றார் மேனேஜரிடம். "கோட்டைக் காட்டாம சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. இன்னொரு தகடு பையில இருக்கு. உனக்குச் சுரண்டத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"நல்லது. ஒழுங்கா செய்யாத. வேகமா செய்."